ஹஸ்லர்: பழையதா, புதியதா, அல்லது டாஃப்டா?

மட்டக்களப்பில் ஓடும் சுசுகி ஹஸ்லர்களில் பெரும்பாலானவை முதல் தலைமுறைதான். காரணம் எளிது. ஜப்பானில் ஹஸ்லர் விற்பனைக்கு வந்தது 2014 ஜனவரியில். இரண்டாம் தலைமுறை 2020 ஜனவரியில் வந்தது. அதே வருடம் மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டது. தனியார் கார்களுக்குத் திரும்ப வழி விட்டது 2025 பெப்ரவரியில். ஆகவே பெட்டி வடிவில் உயரமான சின்னக் கார் தேடுபவருக்கு இப்போது மூன்று தெரிவு: உள்ளூரில் கை மாறும் பழைய ஹஸ்லர், புதிதாக இறங்கும் இரண்டாம் தலைமுறை, அதன் போட்டியாளரான டைஹற்சு டாஃப்ட்.

முதலில் மாறாதவை. இரண்டு ஹஸ்லருக்கும் நீளம் 3395 மி.மீ., அகலம் 1475 மி.மீ. இரண்டும் நாலு பேருக்கான வண்டி. ரயர் 165/60 ஆர்15, பெற்றோல் தாங்கி 27 லீற்றர். முன்சில்லு மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டியின் அடி உயரம் இரண்டிலும் 180 மி.மீ. “வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறக்கப் புதியதுதான் உயரம்” என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முதல் தலைமுறை என்று ஒன்றாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு கார் இருக்கிறது. எம்ஆர்31எஸ் என்ற மாதிரிக் குறி உள்ள முந்திய வண்டியில் லிதியம் பற்றரி மின்சாதனங்களுக்கு மட்டும் கைகொடுக்கும். நின்ற எஞ்சினை எழுப்புவது வழமையான ஸ்டார்ட்டர். 2015 மே மாதம் வந்த எம்ஆர்41எஸ்சில், பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேற்றரின் இடத்தை ஐஎஸ்ஜி மோட்டர் பிடித்தது. அது பெல்ட் வழியாக எஞ்சினைச் சத்தமில்லாமல் எழுப்பும், வேகமெடுக்கும்போது கொஞ்சம் தள்ளியும் விடும். பெல்ட்டோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்தால், ஏசி போட்டபடி சந்தியில் நின்று கிளம்பும்போது கீச்சென்று சத்தம் வரும். அதை அலட்சியம் செய்து ஐஎஸ்ஜி வரை போனால் சாதாரண ஒல்டனேற்றர் விலையில் காரியம் முடியாது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், ஏசியை அணைத்துப் பார்த்தும் ஐடில் ஸ்டொப் (வண்டி நிற்கும்போது எஞ்சின் தானாக அணைவது) வேலை செய்யவில்லை என்றால் முதலில் முன்பக்க ஈயப் பற்றரியைச் சோதியுங்கள். ஐடில் ஸ்டொப்புக்கென்று வரும் பற்றரியின் இடத்தில் விலை குறைந்த சாதாரண பற்றரியை மாட்டியிருப்பார்கள். அது அடிக்கடி ஏறி இறங்கும் சார்ஜைத் தாங்காது. லிதியம் பற்றரி இருப்பது முன் பயணி ஆசனத்துக்குக் கீழே. மாரி வெள்ளத்தில் ஒரு தடவை உள்ளே தண்ணீர் புகுந்த வண்டியில் பிரச்சினை அங்கேதான் தொடங்கும். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், ஆசனத் தண்டவாள போல்ட்டில் துரு, வயர் முனையில் பச்சைப் பூச்சு தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம்.

பழையதில் அதிகம் பார்க்கவேண்டியது கியர்பெட்டி. அதன் சிவிடி எனும் படியில்லாத ஓட்டோ கியரில் பெல்ட்டோடு இரண்டு கட்ட உப கியரும் சேர்ந்திருக்கிறது. ஓயிலை வருடக்கணக்காக மாற்றாமல் ஓட்டினால் மெதுவான வேகத்தில் நடுங்கும், வேகம் குறைந்து திரும்ப மிதிக்கும்போது இடிக்கும். ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள்; முதலில் ரிவர்ஸ் போட்டு எவ்வளவு தாமதித்துப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். பிறகு மண்முனைப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிறவல் றோட்டில் மணிக்கு 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். வாங்கியதும் கைநூலில் சொன்ன சிவிடி ஓயிலையே ஊற்றுங்கள். ஓட்டோ கியர் ஓயில் எதுவும் சரி என்று சொல்லும் கராஜை மாற்றுவது நல்லது.

இரண்டாம் தலைமுறையில் அந்த உப கியர் இல்லாத புதிய சிவிடி. டர்போ இல்லாத எஞ்சின் ஆர்06டி, வலு 49 பிஎஸ் (குதிரைவலு). பழைய ஆர்06ஏ 52. எண்ணிக்கையில் புதியது தோற்கிறது, ஆனால் பிஸ்டன் ஓட்டம் 68.2இலிருந்து 73.8 மி.மீ.க்கு நீண்டது பெற்றோல் மிச்சத்துக்காக. உண்மையான லாபம் உடலில் இருக்கிறது. தகடுகளை வெல்டிங்கோடு விசேட பசையும் சேர்த்து ஒட்டியிருப்பதால் கிறவலில் கடகடப்பு குறைவு. சில்லுகளுக்கிடைத் தூரம் 35 மி.மீ. கூடி 2460 ஆனதும் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குத் தெரியும். நாலு பேரோடு மகாஓயா தாண்டி மலை ஏறுபவர் 64 பிஎஸ் டர்போவை எடுக்கட்டும். ஊருக்குள் அது வீண்.

ஒன்றைக் கணக்கில் வையுங்கள். தானாகப் பிரேக் பிடிக்க இரட்டைக் கமரா உள்ள ஹஸ்லர்களில் அது முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. டிப்பருக்குப் பின்னால் போய்க் கல் பட்டால் கண்ணாடி மாற்றுவதோடு முடியாது, கமராவை மீண்டும் அளவுபடுத்தவேண்டும். இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு அதை நம்பவும் வேண்டாம்.

2020 ஜூனில் வந்த டாஃப்டின் அடி உயரம் 190 மி.மீ., ரயரும் 165/65 என்று தடித்தது. லிதியமும் இல்லை, ஐஎஸ்ஜியும் இல்லை. எந்த வயர்மனும் புரிந்துகொள்ளும் வண்டி. விலை கொடுப்பது பெற்றோலில்: ஒரே டபிள்யூஎல்டிசி எரிபொருள் சோதனையில் டூ வீல், டர்போ இல்லாத புது ஹஸ்லர் லீற்றருக்கு 25.0 கி.மீ., வந்த புதிதில் டாஃப்ட் 20.5. (பழைய ஹஸ்லரின் 32.0 வேறு சோதனையில் வந்தது, இதோடு ஒப்பிடக்கூடாது.) பின் ஆசனம் முன்பின் நகராது. ஆனால் மடித்தால் தளம் சமமாகும். உரமூட்டை ஏற்றுபவருக்கு அது போதும். எல்லா டாஃப்டிலும் முன் ஆசனங்களுக்கு மேலே கண்ணாடிக் கூரை. கச்சான் காற்றுக் காலத்து நடுப்பகலில் அதன் மறைப்பை மூடியேதான் ஓட்டவேண்டிவரும். இங்கே யாருக்கு வேண்டும் அது?

ஃபோர் வீலுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண். ஹஸ்லரிலும் டாஃப்டிலும் அது சேற்றுக்கான லோ கியர் பெட்டி அல்ல. ஹஸ்லரில் முன்சில்லு வழுக்கினால் பின்னுக்கு வலு அனுப்பும் பிசுக்குத் திரவ இணைப்பு. நாலு ரயரும் ஒரே அளவுத் தேய்மானத்தில் இருக்கவேண்டும். போதாததற்கு ஜப்பானின் பனிப் பகுதியில் ஓடியிருந்தால் றோட்டு உப்பு ஏற்கெனவே அடித்தகட்டைத் தின்றிருக்கும். கல்லடி உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜப்பான் ஏலத்தில் கொடுக்கும் ஒக்ஷன் ஷீற்றில் துருக் குறிப்பைத் தேடுங்கள், பிரேக் பைப்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குள் ஓட, காசு மட்டு என்றால்: 2015 டிசம்பருக்குப் பிந்திய, இரட்டைக் கமரா உள்ள, டூ வீல் எம்ஆர்41எஸ். கியர்பெட்டிக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கொழும்புக்கு அடிக்கடி போய்வரும் குடும்பத்துக்குப் புது ஹஸ்லர். வட்டையும் வாடியுமாக இருப்பவருக்கு டாஃப்ட். எதை எடுத்தாலும் மேலதிகச் சில்லு வராது, பஞ்சர் மருந்துப் போத்தல்தான் வரும். அது பக்கவாட்டு வெட்டை அடைக்காது. அளவான பழைய சில்லு ஒன்றை வாங்கிப் பின்னால் கட்டிவைத்துவிட்டே படுவான்கரைக்கு இறங்குங்கள்.