நர்சிங்கா, லேபா, பிசியோவா, பார்மசியா: ஒரே வார்டில் ஒரு காலைச் சுற்று

அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ப்யூர் சயின்ஸ் குரூப், மார்க்கும் மோசமில்லை, நீட் மட்டும் காலை வாரிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பட்டிமன்றம்: இன்னொரு வருடம் உட்கார்ந்து படிக்கட்டுமா, இல்லை "வேற ஏதாவது" சேர்த்துவிடலாமா. இந்த "வேற ஏதாவது" காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். பதினான்கு வருடமாக நான் சோறு தின்பதே அந்த வேற ஏதாவதில்தான். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

பேசிப் பிரயோசனமில்லை என்று அனுமதி கேட்டு வாங்கி, போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் அவளைக் கூடவே கூட்டிப்போனேன். கோர்ஸ் பெயர்களை அடுக்கிவைத்து எது உசத்தி என்று பார்ப்பதைவிட, ஒரே வார்டில் ஒரே காலையில் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும் என்பது என் கணக்கு. இருபத்தைந்து வயதில் உன்னுடைய ஒரு நாள் எப்படிப் போகும்? ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

மணி ஆறு. முதல் கட்டிலில் எழுபது வயதுப் பாட்டி, கையில் நரம்பே தெரியவில்லை. பட்டையை இறுக்கிக் கட்டி, கண்ணை நம்பாமல் விரலால் தடவிக்கொண்டே போய், முழங்கை மடிப்பில் மெத்தென்று ஒரு இடம் கிடைத்ததும் ஊசி. முதலில் வெளிர்நீல மூடிக் குழாய், பிறகு சிவப்பு, பிறகு ஊதா, கடைசியில் சுகருக்குச் சாம்பல். இந்த வரிசை மாறக் கூடாது, ஒரு குழாயில் இருக்கும் ரசாயனம் அடுத்ததில் கலந்தால் ரிசல்ட் கெட்டுப்போகும். நீல மூடியில் கோடு வரை ரத்தம் நிற்க வேண்டும், குறைந்தால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். அவசரத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் அணுக்கள் உடைந்து, பாட்டிக்கு இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறி நிற்கும், டாக்டரும் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார். எங்கள் வேலையின் சாரம் இவ்வளவுதான்: ஆளோடு இரண்டு நிமிடம், மெஷினோடு மீதி நேரம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் சுத்தமாகச் செய்வதில் அலுப்பு வராதவர்களுக்கும் இது பொருந்தும். டிப்ளமோ இரண்டு வருடம், பி.எஸ்சி. என்றால் மூன்று வருடம் படிப்பும் ஒரு வருடம் பயிற்சியும். குறை என்னவென்றால் மேலே போகிற ஏணி குட்டை. டெக்னீஷியன், சீனியர் டெக்னீஷியன், இன்சார்ஜ், அதோடு சரி. சொந்த லேப் வைக்கலாம் என்ற கனவும் தெருவுக்குத் தெரு பெரிய லேப்களின் கலெக்‌ஷன் சென்டர் வந்தபிறகு வெளுத்துவிட்டது.

நான் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நைட் டியூட்டி சிஸ்டர், பகல் சிஸ்டரிடம் வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் கட்டிலுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு பி.பி. இறங்கியது, டாக்டரை எழுப்பியது, என்ன மருந்து எவ்வளவு போனது, சிறுநீர் எத்தனை மில்லி, எல்லாம் மூச்சுவிடாமல். முப்பது கட்டிலுக்கு ராத்திரி முழுக்க இரண்டே பேர். என் மனைவி ஸ்டாஃப் நர்ஸ் என்பதால் இந்த வேலையைப் பற்றி எனக்கு ரொமாண்டிக்கான எண்ணமெல்லாம் கிடையாது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு போகும், தீபாவளி அன்றைக்கு டியூட்டி விழும், நோயாளியின் மச்சான் வந்து கத்துவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டு வருடம் வேலையை விடக் கூடாது என்கிற பாண்டு என்று சொல்லி ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டார்கள், அதைத் திரும்ப வாங்குவதற்குள் அவளுக்குக் கிடைக்க இருந்த ஒரு வெளிநாட்டு வேலையே கைநழுவியது. ஒரிஜினலை மட்டும் யாரிடமும் கொடுக்காதே என்று மருமகளிடம் அன்றைக்கே மூன்று தடவை சொன்னேன்.

ஆனாலும் ஒப்பீடு என்று உட்கார்ந்தால், படித்து முடித்த மறுமாதமே சம்பளம் என்ற விஷயத்தில் நர்சிங்கை அடிக்க ஆளில்லை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். தனியாரில் ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. அரசு வேலை என்றால் 2012இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் போக வேண்டும், அதிலும் முதலில் தொகுப்பூதியம், அதாவது நிரந்தரமில்லாமல் மொத்தமாகத் தரும் சம்பளம், நிரந்தரமாவதற்குப் போராட்டம் நடத்தியே பல வருடம் ஓடியவர்கள் உண்டு. விஷயம் வெளிநாட்டில் இருக்கிறது. வளைகுடாவுக்கு அனுபவமும் அவர்கள் வைக்கும் தேர்வும், இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வும் செய்முறைத் தேர்வும், ஜெர்மனிக்கு பி2 என்கிற நிலை வரை ஜெர்மன் மொழித் தேர்ச்சி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களை அனுப்புகிறது, புரோக்கரிடம் லட்சக்கணக்கில் கொட்டுவதற்கு முன்னால் அங்கே போய் விசாரிக்கலாம். இன்னொன்று, பிளஸ் டூவில் பயாலஜி எடுக்காமல் காமர்ஸ் எடுத்த பெண்கள் நர்சிங் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. ஜி.என்.எம். என்கிற மூன்று வருட நர்சிங் டிப்ளமோவுக்கு மற்ற குரூப்காரர்களும் போகலாம்.

ஒன்பது மணிக்கு பிசியோ வந்தார். முந்தின நாள்தான் முழங்கால் மூட்டு மாற்றிய ஒரு ஐயாவை எழுப்பி நடக்கவைக்க வேண்டும். அவர் "தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறார், பிசியோ சிரித்துக்கொண்டே கட்டில் ஓரம் வரை நகர்த்தி உட்காரவைத்துவிட்டார், பேச்சு பாட்டுக்கு ஊர் நிலவரம் போய்க்கொண்டிருக்கிறது, ஐயா வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைத்துவிட்டார். மருமகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளி சிரித்ததைப் பார்க்கிற வேலை அது ஒன்றுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. நைட் டியூட்டி அநேகமாக இல்லை, சொந்தமாக கிளினிக் போடலாம், சாயங்காலம் வீடுகளுக்குப் போய் வரலாம். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோக்கள் கிராமத்து வீடுகளுக்கே போகிறார்கள். சிக்கல் முதல் ஐந்து வருடத்தில் இருக்கிறது. படிப்பு நான்கு வருடத்துக்கு மேல் பயிற்சிக் காலத்தோடு நீள்கிறது, முடித்து வந்தால் ஆஸ்பத்திரியில் தரும் சம்பளம் சிலசமயம் நர்ஸுக்குத் தருவதைவிடக் குறைவு, கை ராசிக்காரர் என்று ஊருக்குள் பெயர் எடுக்கிற வரை வீட்டில் யாராவது தாங்க வேண்டும். பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா கூடாதா என்ற சண்டை வேறு ஓய்ந்தபாடில்லை. அப்பா கடனில் இருக்கிறார், இருபத்திரண்டு வயதில் நான் சம்பாதித்தே ஆக வேண்டும் என்கிற பிள்ளைக்கு நான் பிசியோவைச் சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் வேகமாக ஒரு சுற்று. அங்கே வேலை பார்ப்பவர்களின் மார்பில் தொங்கும் சின்ன பேட்ஜை மருமகள் ஐ.டி. கார்டு என்று நினைத்துவிட்டாள். அது எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கெடுக்கிற டி.எல்.டி. பேட்ஜ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும். ரேடியாலஜி டெக்னீஷியனுக்கு லேபைவிடச் சம்பளம் கொஞ்சம் மேல், மெஷின் விலை ஏற ஏற அதை ஓட்டத் தெரிந்தவனின் மதிப்பும் ஏறும். இதயத்துக்கான கேத் லேப், எக்கோ பார்க்கிற கார்டியாக் டெக்னீஷியனும் அப்படித்தான். இதயத்தை நிறுத்திவைத்து ஆபரேஷன் நடக்கும்போது இதய நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிற பெர்ஃப்யூஷனிஸ்ட் வேலை கேட்கவே கெத்தாக இருக்கும், ஆனால் இதய அறுவை சிகிச்சை நடக்கிற பெரிய ஊர்களில் மட்டும்தான் வேலை. சொந்த ஊர்ப் பக்கமே இருக்க நினைத்தால் டயாலிசிஸ் மேல். தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் மெஷின் வந்துவிட்டது. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், வருடக்கணக்கில் அதே முகங்கள். டயாலிசிஸ் டெக்னீஷியனான என் நண்பர் ஒருமுறை ஒரு வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தால் கட்டிலில் வேறு ஆள். இதைத் தாங்குகிற மனசு வேண்டும், பிராஸ்பெக்டஸில் இதெல்லாம் எழுதியிருக்காது.

பார்மசியை மருமகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, "கடையில உக்காரணுமா மாமா" என்றாள். நான் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன். பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது என்பது சட்டம், ஆக இந்தப் பட்டியலிலேயே சொந்தக் காலில் நிற்க நேர் வழி இதுதான். இரண்டு வருட டி.பார்ம். முடித்து, ஆஸ்பத்திரி அல்லது மருந்துக்கடைப் பயிற்சியையும் முடித்து, பார்மசி கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டும். நான்கு வருட பி.பார்ம். என்றால் மருந்து கம்பெனி, தரக் கட்டுப்பாடு, மருந்து ஆய்வாளர் தேர்வு என்று கதவுகள் கூடும். பயாலஜிக்குப் பதில் கணிதம் படித்தவர்களும் சேரலாம். ஆறு வருட பார்ம்.டி. பற்றி மட்டும் எனக்கு இன்னும் தயக்கம்தான், படிப்பின் கனத்துக்கு ஏற்ற வேலை இங்கே உள்ள ஆஸ்பத்திரிகளில் போதுமான அளவு இல்லை. தங்கள் சர்ட்டிஃபிகேட்டைக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டு மாதாமாதம் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், மாட்டினால் பதிவே போகும், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

சரி, நீட் ரிப்பீட். 2024இல் 23 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள், நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடம் ஒரு லட்சத்துச் சொச்சம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால், கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் மார்க்கில் விட்டவர்கள் ஒரு வருடம் எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. பாதி தூரத்தில் நின்றவர்கள் கோச்சிங்குக்கு லட்சத்தைக் கட்டி இரண்டாவது, மூன்றாவது தடவை என்று போவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் கணக்கே வேறு. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கட்-ஆஃப் தனி, ஃபீஸை அரசே கட்டும், அவர்களை நான் இன்னொரு தடவை எழுதச் சொல்வேன். எங்கள் பிள்ளை படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, அதனால் இது கிடையாது. தமிழ் வழி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, டிப்ளமோ படித்தாலும் வரும். பஸ் செலவுக்கு ஆச்சு.

சித்தாவுக்கும் நீட் வேண்டும். ஐந்தரை வருடம், எம்.பி.பி.எஸ். அளவுக்கே. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள். பழைய தமிழ்ச் செய்யுள்களை மூச்சுப்பிடித்துப் படிக்கத் தெம்புள்ள பிள்ளைக்கு இது அருமையான வழி, 2020இல் ஊரே கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தோம். ஆனால் "எம்.பி.பி.எஸ். கிடைக்கல, அதான்" என்று சேர்ந்து ஐந்தரை வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

எதில் சேர்ந்தாலும், சேருவதற்கு முன்னால் ஒரு காரியம். பஸ் ஸ்டாண்ட் எதிரில் மாடியில் "பாராமெடிக்கல், ஒரே வருடம், 100% வேலை" என்று ஒரு போர்டு தொங்கும் பாருங்கள், அந்த மாடிப்படி ஏறாதீர்கள். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில், பார்மசி என்றால் பார்மசி கவுன்சில், பட்டப்படிப்பு என்றால் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அல்லது அதற்குச் சமமான ஒன்று, அந்தப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். லேப், ரேடியாலஜி, பிசியோ, டயாலிசிஸ் எல்லாம் 2021 சட்டத்தால் இந்தப் படிப்புகளுக்கென்றே அமைந்த தேசிய ஆணையத்தின் கீழ் வந்துவிட்டன, பாடத்திட்டமும் சேர்க்கை விதியும் மாறிக்கொண்டிருக்கிற நேரம். அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்னால் சேர்ந்த கதையை நம்பாமல், கவுன்சலிங் நடத்தும் தேர்வுக் குழுவின் இந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு அப்புறம் அப்ளிகேஷன் போடுங்கள்.

பதினோரு மணிக்கு கேன்டீனில் டீ குடித்தோம். "அந்த சிஸ்டர் ராத்திரி பூரா தூங்கவே இல்லியா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டாக்டர எழுப்புனது அவங்கதான?" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. நர்சிங் முதல் விருப்பம், பிசியோ இரண்டாவது என்று அப்ளிகேஷன் போட்டாயிற்று. அக்கா மட்டும் நேற்று ராத்திரியும் போன் போட்டு, "ஏண்டா, பல் டாக்டருக்காவது பாக்க முடியாதா?" என்கிறாள். அதுக்கும் நீட்தான் அக்கா என்று நாலாவது தடவையாகச் சொன்னேன்.