ரீஃபண்ட் வராதபோது 1915: எதுவரை உதவும், எங்கே நிற்கும்

ஆன்லைனில் வாங்கிய மிக்சியின் ஜார் உடைந்து வந்திருக்கிறது. ரிட்டர்ன் போட்டாயிற்று. எடுத்துப் போக யாரும் வரவில்லை, ஆப்பில் மட்டும் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று காட்டுகிறது. பென்னாகரம், அஞ்செட்டி, ஊத்தங்கரைப் பக்கம் டவுனிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. இந்தக் கட்டத்தில் கைகொடுக்கக்கூடியது தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்.

அழைப்பு இலவசம். தேசிய விடுமுறை நாட்கள் தவிர காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். 17 மொழிகளில் பேசலாம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இருப்பதால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே புகார் சொல்லலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸப்பிலும் அனுப்பலாம். ஆனால் பில், படம் எல்லாம் சேர்த்துப் பதிய உதவி மையத்தின் இணையதளம்தான் நல்லது. போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சுருக்கி எழுதிக்கொள்வார், அந்தச் சுருக்கத்தில் முக்கியமான தேதி விட்டுப்போகும்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்: 1915-க்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும், அவ்வளவுதான். இருந்தும் பலன் கிடைக்கிறது. நம்மோடு சாட்டில் பேசுகிறவருக்குப் பெரும்பாலும் ரீஃபண்டை அனுமதிக்கும் அதிகாரம் இருக்காது. உதவி மையத்தோடு இணைந்துள்ள பெரிய கம்பெனிகளில் புகார் அவரைத் தாண்டி மேலே போய்விடுகிறது. முகவரியே போடாமல் சமூக வலைத்தளத்தில் சேலை விற்கும் கடைகளிடம் இது எடுபடாது. யாருக்கு அனுப்புவது?

1915-க்கு முன் ஒரு படி இருக்கிறது, பலர் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகாரைப் பெற்றதாக அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாருக்கு டிக்கெட் எண்ணும் தர வேண்டும். முதலில் அந்த அலுவலருக்கு ஒரு மெயில் போடுங்கள். வெறும் சாட் மட்டும் இருந்தால் 'எங்களிடம் முறையாகப் புகார் வரவில்லை' என்று கம்பெனி தட்டிக்கழிக்கும். விற்றவர் வேறு, தளம் வேறு என்று கை கழுவினால், விற்றவரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் தளம் கொடுத்தாக வேண்டும்.

1915-ல் புகார் எழுதும்போது கோபத்தை விட்டுவிட்டுத் தேதியை எழுதுங்கள். இந்த மாதிரி போதும்: 'மார்ச் 3 ஆர்டர், ரூ. 2,450. மார்ச் 8 வந்தது, ஜார் உடைந்திருந்தது, அன்றே ரிட்டர்ன் போட்டேன். மார்ச் 10, 12, 14 மூன்று நாளும் யாரும் வரவில்லை, போனும் வரவில்லை. மார்ச் 16 ரிட்டர்னை அவர்களே ரத்து செய்தார்கள். டிக்கெட் எண் இது. முழுத் தொகையும் பணம் கட்டிய அதே கணக்கில் வேண்டும்.' கடைசி வரி இல்லாவிட்டால் கூப்பனையோ வாலட் பணத்தையோ கொடுத்துவிட்டுப் புகார் தீர்ந்தது என்பார்கள். பில், உடைந்த ஜாரின் படம், பெட்டி மேல் ஒட்டிய லேபிளின் படம் மூன்றையும் இணையுங்கள். பிக்கப் பொய்க்கு நல்ல சாட்சி, அந்த நாட்களின் கால் பதிவு ஸ்கிரீன்ஷாட். செல்போன் போன்ற பொருளைத் திருப்பித் தரும்போது ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். 'வேறு பொருள் வந்திருக்கிறது' என்ற பதிலில் ரீஃபண்ட் நின்றுபோவது உண்டு. பெட்டியைத் திறந்து காட்டித் தரும் டெலிவரியானால், உள்ளே பார்க்காமல் ஓடிபி சொல்லவே கூடாது. சொன்னதும் சரியாகப் பெற்றதாகப் பதிவாகிவிடும்.

புகார் அதிகமாகச் சிக்குவது 'ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்' என்ற பதிலில். அனுப்பியது வேறு, கணக்கில் ஏறியது வேறு. அனுப்பிய பணத்தைத் தேட உதவும் குறிப்பு எண் ஒன்று இருக்கும்: யூபிஐ என்றால் 12 இலக்க ஆர்ஆர்என், கார்டு என்றால் 23 இலக்க ஏஆர்என். இந்த எண்ணைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். எண் தர முடியவில்லை என்றால் பணம் இன்னும் கிளம்பவில்லை என்றே சந்தேகிக்கலாம். எண் கிடைத்துவிட்டால் அதை வங்கியிடம் கொடுத்துத் தேடச் சொல்லலாம். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரம் கேட்க 14448. இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. தாமதத்துக்கு நாளுக்கு ரூ. 100 என்ற ரிசர்வ் வங்கி விதி, கடைக்குக் கட்டும்போது கணக்கில் பணம் பிடித்துக்கொண்டு பரிவர்த்தனை தோற்றுப்போனால் பொருந்துவது. 5 நாளுக்குள் திரும்பாவிட்டால் அந்த நூறு ரூபாய் சேரும். பொருளைத் திருப்பிக் கொடுத்து வாங்கும் ரீஃபண்டுக்கு அது பொருந்தாது.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், ஆப்புக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி யூபிஐ பின் கேட்டால் அது திருட்டு. பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் 1915 அல்ல, உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930.

1915-லும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் பெங்களூருவில் இருக்கட்டும், குருகிராமில் இருக்கட்டும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரியில் வந்த, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். 1915-ல் காத்திருக்கும்போதும் வழக்குக்கான 2 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். புகார் எண்ணோடு கம்பெனியின் பதிலையும் அச்செடுத்து வையுங்கள், மனுவோடு இணைக்க அதுவே தேவைப்படும்.