கும்பேசுவரர் கோயில் வட்டாரம்: கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய தெருக்கள்

கும்பகோணத்தில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவரிடம், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 2021இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் என்றாலும், ஆதி கும்பேசுவரர் கோயிலுக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் நடுவே, பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிடக்கும் தெருக்களில் அடுப்பு எரிவதும் அணைவதும் இன்னும் கோயில் நடை திறந்து சாத்தும் கணக்கில்தான் நடக்கிறது. பத்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய இந்த வட்டாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு மாலை வரை தங்கி, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். கடைகளின் பெயர்களை எழுதவில்லை. ஒரு சரக்கு மாஸ்டர் கடை மாறினால் பெயர்ப்பலகை அங்கேயும் ருசி வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடுகிறது என்பதால், தெருவைச் சொல்வதே நேர்மை என்று நினைக்கிறேன்.

முதல் தவறு என்னுடையது. சனிக்கிழமை எட்டு மணி வரை தூங்கிவிட்டு, கும்பேசுவரர் சந்நிதிக்கு முன்னால் நீளும் மண்டபக் கடைகளில் பித்தளைப் பாத்திரங்களை வேடிக்கை பார்த்தபடி நேரத்தைப் போக்கி, பதினொன்றேகால் மணிக்கு ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்து இட்லியும் கடப்பாவும் கேட்டேன். சப்ளையர் சிரிக்காமல் சொன்னார்: “கடப்பா நாளைக்குத்தான் சார், ஞாயித்துக்கிழமை மட்டும். இட்லியும் தீந்துபோச்சு. சாப்பாடு பன்னெண்டு மணிக்கு.” காலைச் சிற்றுண்டி முடிந்து, சாப்பாடு தொடங்காத அந்த முக்கால் மணி நேரத்தில் இந்தத் தெருக்களில் காபியைத் தவிர எதுவும் கிடைக்காது. உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்தியபின் வெளியூர்க் கூட்டம் மொத்தமாகச் சாப்பாட்டுக் கடைகளுக்குள் நுழையும். அதற்குப் பிறகு மாலை நான்கு மணி வரை தெருவே உறங்கிவிடும். மதியம் மூன்று மணிக்குக் காரிலிருந்து இறங்கி, ஆறிய வடையைத் தின்றுவிட்டு, ஊரைக் குறை சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடப்பா கிடைத்தது. தஞ்சை வட்டாரத்துக்கு வெளியே இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. வெந்த பாசிப்பருப்பையும் கையால் உதிர்த்த உருளைக்கிழங்கையும் சின்ன வெங்காயத்தோடு சேர்த்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய், பூண்டு அரைத்த விழுதில் கொதிக்கவைத்து, பட்டையும் கிராம்பும் பிரிஞ்சி இலையும் தாளித்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிவது இதன் பொதுவான செய்முறை. மிளகாய்த்தூள் கிடையாது என்பதால் வெளிறிய மஞ்சள் நிறத்தில், நோயாளிக்குச் செய்தது போலத் தோற்றமளிக்கும். வாயில் வைத்தபின்தான் பச்சைமிளகாயின் காரம் பின்னாலிருந்து ஏறிவரும். நான் சாப்பிட்ட கடையில் கிழங்கை மசித்துவிடாமல் பட்டாணி அளவுத் துண்டுகளாக உதிர்த்திருந்தார்கள். இட்லியைப் பிட்டுத் தொட்டால் ருசி பாதிதான் தெரியும். இரண்டு கரண்டி ஊற்றச்சொல்லி, இட்லியின் ஓரம் நனைந்து இளகும் வரை ஒரு நிமிடம் பொறுத்துக் குழைத்துச் சாப்பிட வேண்டும். பக்கத்து இலைக்காரர் செய்ததைப் பார்த்துத்தான் நானும் அப்படிச் செய்தேன். எட்டரை மணிக்கு இரண்டாம் முறை போனபோது அதே கடப்பா கெட்டிப்பட்டு, வெந்நீர் விட்டு இளக்கப்பட்டிருந்தது. பொட்டுக்கடலை சேர்ந்த எதுவும் நேரமாக ஆகக் கெட்டியாகும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் முதல் ஈடு முதல் ஈடுதான்.

காபியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலை முழுவதும் இந்த ஊரின் பெயரைப் பலகையில் எழுதி, பித்தளை டவராவைக் காட்டி விற்கப்படுவது வேறு பானம். டிகிரி என்ற சொல்லுக்கு இருவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். சிக்கரி என்பதே திரிந்து டிகிரி ஆயிற்று என்பது ஒன்று; பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரில் ‘டிகிரி’ பார்த்து வாங்கிய, தண்ணீர் கலக்காத பாலில் போட்ட காபி என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் இங்கே வித்தியாசம் பாலில்தான் தெரிகிறது. அந்தக் கருவியை முழுதாக நம்பிவிடவும் முடியாது. தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி இறங்கும், கொழுப்பை எடுத்தால் ஏறும். இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்தவர் லாக்டோமீட்டரை ஏமாற்றிவிடலாம். ஆகையால் பால்காரரைத் தெரிந்த கடைக்காரரே உண்மையான டிகிரி.

கோயிலின் பக்கவாட்டுத் தெருவில், நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஒரு கடையில் காலை ஐந்தேமுக்காலுக்கு நின்று பார்த்தேன். காபி மாஸ்டர் பாலை ஒருமுறை பொங்கவிட்டுத் தீயைத் தணித்தார். அந்தப் பாத்திரம் காலியாகும் வரை அதில் புதுப் பால் சேர்க்கவில்லை. பித்தளை ஃபில்டரிலிருந்து இறங்கிய முதல் டிகாக்‌ஷனை டம்ளரில் விரல் அகலத்துக்கு ஊற்றி, சர்க்கரையை அதில் கரைத்து, அதன்பின் பாலை விட்டு ஒரே ஒருமுறை உயர ஆற்றினார். நுரை குறைவு, சூடு அதிகம், கசப்பு நாக்கின் அடியில் நெடுநேரம் நின்றது. விலை 25 ரூபாய். அதே கடையில் பத்து மணிக்கு மீண்டும் குடித்தபோது, பால் மறுபடி மறுபடி சூடேறி ஆடை வாசம் வந்துவிட்டிருந்தது. காலையில் மயங்கிய அளவுக்கு மயங்க முடியவில்லை. மாலை நாலரைக்கு, அடுத்த வேளைப் பால் வந்தபின், பழைய தரம் திரும்பியது.

இதற்கு நேர்மாறாக, பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழியில் பளபளக்கும் பலகை வைத்த ஓரிடத்தில் 40 ரூபாய்க்குக் குடித்தது ஏறக்குறையச் சிக்கரிக் கஷாயம். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த டம்ளரில் இருந்தது எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லத் தெரியவில்லை. வறுத்த வேரின் நிறமும் பிசுபிசுப்பும் இருந்தன, காபியின் மணம் மட்டும் இல்லை. டவரா மட்டும் கனமான பித்தளை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாழையிலையில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், மோர், 120 ரூபாய். வத்தக்குழம்பு மட்டும் நல்லெண்ணெய் மிதக்க, சுண்டைக்காயின் கசப்பு வெல்லத்தில் அமுங்கிவிடாமல் நன்றாக இருந்தது. கூட்டம் நெருக்கும்போது எழுவதற்கு முன்பே அடுத்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அது யாருக்கும் சோறு இறங்கவிடாது. கை கழுவும் இடங்களின் நிலை பல கடைகளில் வருத்தத்துக்குரியது. 2028இல் அடுத்த மகாமகம் வருகிறது. இருக்கிற கூட்டத்துக்கே இப்படி என்றால் அப்போது என்ன செய்யப்போகிறார்கள் என்று கவலையாக இருக்கிறது. மாலையில் கிடைக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் தனியாக இங்கே வர வேண்டியதில்லை.

வெற்றிலைக்காக வரலாம். காவிரிப் படுகையில் அகத்திக்கீரைச் செடிகளின் மேல் கொடி ஏற்றி வளர்க்கப்படும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளத்தருகே வெற்றிலை விற்கும் ஓர் அம்மாவிடம் கொழுந்து வெற்றிலை கேட்டபோது, முதல் கேள்வியாக, “இங்கயே போடப் போறியா, ஊருக்கு எடுத்துட்டுப் போறியா தம்பி?” என்றார். இங்கேயே என்றால் வெளிர்ப்பச்சைத் தளிர், ஊருக்கு என்றால் ஒரு பருவம் முற்றிய இலை. தளிரில் இரண்டை எடுத்துத் துடைத்து, காம்பைக் கிள்ளி, நடுநரம்பை நகத்தால் உரித்து, பின்புறத்தில் சுண்ணாம்பைத் தடவி, சீவலை வைத்து மடித்துக் கொடுத்தார். மென்றபோது காரம் மெதுவாகத்தான் எழுந்தது, நார் எதுவும் பல்லில் சிக்கவில்லை. ஊருக்கென்று ஒரு கவுளி, அதாவது நூறு இலை, எண்ணி வாங்கிக்கொண்டேன். பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது என்று கண்டித்து, ஈரத்துணியில் சுற்றி அதன்மேல் வாழைச்சருகு கட்டித் தந்தார். நான்காம் நாள் பிரித்தபோது ஓரத்து இலைகள் ஆறு மட்டும் கருத்திருந்தன.