'கரா'வா, 'நோதே'யா? ஜப்பானிய மொழியில் பணிவாகக் காரணம் சொல்ல எது சரி

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியதும் காரணம் சொல்ல முதலில் வருவது 'கரா'. கொஞ்ச நாளில் 'நோதே' வரும். தமிழில் இரண்டுக்கும் '-ஆல்' போதும் என்பதால், எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். மேலாளர் முன்னால் போய் நிற்கும்போதுதான் வித்தியாசம் புரியும்.

தலைவலி, சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். "அதாமா கா இதாய் கரா" என்று தொடங்கினால் இலக்கணம் சரிதான். ஆனால் 'எனக்குத் தலை வலிக்குது, அதனால விடுங்க' என்று அழுத்திச் சொல்வதுபோல் கேட்கும். "அதாமா கா இதாய் நோதே" என்றால் நிலைமையை மட்டும் எடுத்துவைக்கிறோம். முடிவு அவர் கையில். அலுவலகத்தில் தயங்காமல் 'நோதே' பக்கம் போங்கள் என்பேன்.

அதற்காக 'கரா' மரியாதை இல்லாத சொல் ஆகிவிடாது. ரயில் வரும்போது நடைமேடை அறிவிப்பில் வழக்கமாகக் கேட்கும் எச்சரிக்கை வரியே "அபுநாய் தெஸ் கரா…" என்றுதான் தொடங்கும்: ஆபத்து, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே தள்ளி நில்லுங்கள். அங்கே அந்த அழுத்தம் தேவை. பணிவு காட்டும் 'தெஸ்' சேர்ந்ததால் மரியாதையும் கெடவில்லை. 'ஏன்?' என்று கேட்டால் பதிலை முடிக்கவும் 'கரா தெஸ்'தான். 'நோதே தெஸ்' என்று முடிக்க முடியாது. ஆனால் பெரியவர்களிடம் வாக்கியத்தையே "தெஸ் கரா" என்று தொடங்காதீர்கள். 'அதான் சொன்னேனே' என்ற எரிச்சல் அதில் ஒலிக்கும்.

பெயர்ச்சொல்லோடு சேரும்போது கவனம் வேண்டும். மழை என்றால் 'ஆமே தா கரா', ஆனால் 'ஆமே நா நோதே'. இந்த 'நா'வைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் சொல்லும் இன்னொரு சொல்லான 'தமே' செய்திக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரியது. அதன் பின்னால் வேண்டுகோள் வைக்க முடியாது.

தாமதமாகப் போனால் இதில் எதுவும் வேண்டாம். "ஒகுரெதே சுமிமாசென்" போதும். மன்னிப்புக்கு முன்னால் 'கரா' வைத்தால் வாக்கியமே ஒட்டாது.

'நோதே'யில் எனக்கு மிகவும் பிடித்தது, அதோடு பேச்சை நிறுத்திவிடலாம் என்பது. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போக முடியாது. "சொத்தோ யோஜி கா ஆரு நோதே…" என்று இழுத்தால் போதும், மீதி அவர்களுக்குப் புரிந்துவிடும். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்: "கொஞ்சம் வேலை இருக்கு, அதான்…"