கிரே லிட்டரேச்சர் தேட: கூகலா, ஆய்வேட்டுக் களஞ்சியமா, சோதனைப் பதிவேடா?

சிங்கப்பூரில் தாதிமைப் பட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் நீரிழிவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பப்மெட், சினால் என்ற இரண்டு சஞ்சிகைக் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. சஞ்சிகைகளில் வராத அமைச்சு அறிக்கை, ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், சோதனைப் பதிவு எல்லாம் சேர்ந்ததுதான் கிரே லிட்டரேச்சர். நம் சமூகத்தைப் பற்றிய அடிப்படைக் கணக்கே அங்கேதான் கிடைக்கும். 2010 தேசியச் சுகாதாரக் கருத்தாய்வில் 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. இது சுகாதார அமைச்சின் அறிக்கையில் உள்ள கணக்கு.

இத்தகைய அறிக்கைகளைப் பிடிக்க கூகலே சிறந்த வழி. ஆனால் வெறுமனே 'நீரிழிவு, சிங்கப்பூர்' என்று போட்டால் கிளினிக் விளம்பரங்கள்தான் வந்து குவியும். ஆங்கிலத் தேடல் சொல்லுக்குப் பின் 'சைட்', ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் அமைச்சின் இணைய முகவரி என்று தட்டிப் பாருங்கள். கூடவே 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, 'பிடிஎஃப்' என்றும் சேர்த்தால் அறிக்கைகள் மேலே வந்துவிடும். குறை ஒன்று உண்டு: இன்று வரும் பட்டியல் நாளை அப்படியே வராது. தேடிய சொல், தேதி, எத்தனை பக்கம் பார்த்தீர்கள் என்பதை அப்போதே குறித்துவையுங்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகல் ஸ்காலர் இதற்கு மாற்று ஆகாது. எதைத் தேடினாலும் முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் அது காட்டாது.

நோயாளியின் அனுபவம், பாதப் பராமரிப்பு, வீட்டில் கவனிப்பவரின் சுமை போன்ற கேள்விகளுக்கு நான் முதலில் போகச் சொல்வது என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்களுக்குத்தான். சஞ்சிகைக் கட்டுரையில் நாலு வரியில் முடிந்துபோகும் ஆய்வுமுறை, ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகவே இருக்கும். பின்னிணைப்பில் கேள்வித்தாளும் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எல்லா ஆய்வேடும் திறந்திருக்காது, சிலவற்றில் சுருக்கம் மட்டுமே கண்ணில் படும். அப்போது நூலகரிடம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

கேள்வி மருந்தைப் பற்றியது என்றால் மட்டும் என் வரிசை மாறும்; அங்கே மருந்துச் சோதனைகள், கட்டுரையாக வெளியாகாதவை உட்பட, பதிவாகியிருக்கும் சோதனைப் பதிவேடுதான் முதலில். மனச்சோர்வு மருந்துகள் குறித்து 2008இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 23 வெளியாகவே இல்லை. வெளியான கட்டுரைகளை மட்டும் படித்தவருக்கு 94 விழுக்காடு சோதனைகள் வெற்றி என்று தோன்றும். அமைப்பின் கணக்கில் அது 51தான். அந்த மருந்தை நோயாளியின் கையில் கொடுப்பவர் தாதி. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாநாட்டுச் சுருக்கங்களைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏறக்குறைய 37 விழுக்காடே பின்னர் முழுக் கட்டுரையாக வருவதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரன் அமைப்பின் 2018 ஆய்வு சொல்கிறது.

எந்த வழியில் கிடைத்தாலும் ஆகோட்ஸ் பட்டியலை வைத்துச் சோதியுங்கள்: எழுதியது யார், தகவல் சரியா, எதுவரை பேசுகிறது, சார்பு உண்டா, எப்போது எழுதியது, நம் கேள்விக்குப் பயன்படுமா. தேதியே இல்லாத பிடிஎஃப்பை நான் ஒதுக்கிவிடுவேன். கிரே லிட்டரேச்சர் தேடப் பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் ஓப்பன்கிரே தளம் இப்போது இயங்குவதில்லை. அதனால் கிடைத்த கோப்பை அன்றே இறக்கி, தேதியைப் பெயரில் சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.