கொடைக்கானல் வெயிலும் ஒரு பெரணி மாத்திரையும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

கொடைக்கானலில் வெயில் என்றால் காய்வதற்கு உரியது. மார்கழி, தை மாதங்களில் விடியும்போது புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சூரியன் சற்று ஏறியதும் பெரியவர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை சுவரோரமாக நின்று முதுகைக் காட்டுவார்கள். நானும் அப்படியே வளர்ந்தவள். அந்த வெயில்தான் என் கைகளைப் படுத்துகிறது என்று மதுரையில் ஒரு தோல் மருத்துவர் சொன்னபோது நம்ப மனம் வரவில்லை.

நான் நர்சரி நடத்துகிறேன். ரோஜா, ஜெரேனியம், பிகோனியா, கொஞ்சம் ஆர்க்கிட். காலை ஒன்பது மணிக்குத் தொட்டிகளோடு குனிந்தால் நிமிர மாலை ஆகிவிடும். சில ஆண்டுகளாக இரண்டு தொந்தரவுகள். ஒன்று, இரண்டு கன்னத்திலும் மங்கு என்னும் கருந்திட்டு. மற்றொன்று, மழை ஓய்ந்து வானம் தெளியும் தை, மாசியில் முன்கையிலும் பின்கழுத்திலும் கடுகைத் தூவியதுபோல் சிவந்த பொரிகள். இரவில் அரிப்பு தாங்காது. பூச்சிமருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓராண்டு முழுவதும் கையுறைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். மருத்துவர் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். பட்டை இருந்த இடத்தில் ஒரு பொரிகூட இல்லை. அதன் இரு ஓரமும் கோடு போட்டாற்போல் சிவந்திருந்தது. "இது வெயில் ஒவ்வாமை அம்மா" என்றார். மருத்துவத்தில் இதற்குப் பாலிமார்ஃபிக் லைட் எரப்ஷன் என்று பெயர்.

குளிர்கிறது என்பதால் வெயில் சாது என்று நினைப்பது மலைவாசிகளின் பழைய பிழை. சூட்டைத் தருவது ஒரு கதிர், தோலைச் சுடுவது வேறு கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே வத்தலகுண்டில் வியர்க்க வியர்க்க நிற்பவரைவிட, இங்கே ஸ்வெட்டரோடு நிற்பவரின் முகத்தில் இந்தக் கதிர் அதிகமாக விழும். சூரியனை ஆராய 1901 முதல் வானாய்வகம் இயங்கும் ஊரில் பிறந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மருத்துவர் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றையும் கட்டாயமாக்கினார். கூடவே ஒரு கேப்ஸ்யூல் எழுதினார். 240 மில்லிகிராம், காலையில் ஒன்று, அதிக நேரம் வெளியில் நிற்கும் நாளில் மதியம் இன்னொன்று. பாலிபோடியம் லியூகோடோமோஸ் என்ற பெரணியின் சாறு. செடி விற்பவள் என்பதால் அந்தப் பெயரைத் தேடாமல் இருக்க முடியவில்லை.

மத்திய, தென் அமெரிக்காவின் மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் பெரணி அது. தாவரவியலார் இப்போது ஃபிளெபோடியம் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். ஹோண்டுராஸ் பக்கம் கலகுவாலா என்று சொல்லித் தோல் நோய்களுக்குக் காலங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். கிழங்குபோன்ற தண்டு முழுவதும் பொன்னிற ரோமம். முயலின் கால்போலவே இருக்கும்.

படத்தை என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் காட்டினேன். பண்ணைக்காட்டுக்காரர். பார்த்ததுமே, "இது முடவாட்டுக்கால் அல்லவா? கொல்லிமலையில் சூப் வைத்துக் குடிக்கிறார்களே, இதற்கா இத்தனை பணம்?" என்றார். அவர் கண் தவறவில்லை. மூட்டுவலிக்குச் சூப் வைக்கும் நம் முடவாட்டுக்காலும் அந்த அமெரிக்கப் பெரணியும் ஒரே குடும்பம். அங்கே முயல்கால், இங்கே ஆட்டுக்கால். ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது. வெயிலுக்காகச் சோதிக்கப்பட்டது அந்தச் செடியின் சாறு. முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டு வெறுங்கையோடு வெயிலில் இறங்க வேண்டாம் என்று அக்காவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

சோதனை என்றேன். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்பது பேருக்கு இந்தச் சாற்றைக் கொடுத்துப் புற ஊதாக் கதிர் பாய்ச்சினார்கள். தோல் சிவப்பது குறைந்தது, மரபணுச் சேதமும் குறைந்தது. காஃபிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் போன்றவை இதில் இருக்கின்றன. கதிர் பட்டதும் தோலுக்குள் கிளம்பும் தீய மூலக்கூறுகளை அவை அடக்குகின்றன என்பது விளக்கம். ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மங்கு விஷயத்தில் முடிவுகள் முட்டிக்கொள்கின்றன. ஓர் ஆய்வில் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிங்கப்பூரில் நடந்த இன்னொன்றில், மங்குக்கான களிம்போடும் சன்ஸ்கிரீனோடும் இந்தச் சாறும் சேர்ந்தபோது மங்கு சற்று விரைவாகக் குறைந்தது.

இனி என் கதை. முதல் வாரம் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியது. இட்லிக்குப் பிறகு என்று மாற்றியதும் சரியாயிற்று. முதல் இரண்டு மாதங்கள் எதுவும் தெரியவில்லை. அடுத்த மாசியில் கவனித்தேன்: பொரிகள் வந்தன, ஆனால் விரல் விட்டு எண்ணும் அளவில். இரவில் எழுந்து சொறியவில்லை. அது எனக்கு எத்தனை பெரிய நிம்மதி என்பதை அரிப்போடு விடிய விடியக் கிடந்தவர்கள் அறிவார்கள்.

மாத்திரையால்தானா? இந்த ஒவ்வாமை, தோல் வெயிலுக்குப் பழகப் பழகத் தானாகவும் தணியும். அதனால் இரண்டாம் ஆண்டு தை தொடங்கியதும் வேண்டுமென்றே நிறுத்தினேன். தொப்பி, சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் அப்படியே. மூன்றாம் வாரம் பின்கழுத்து முழுவதும் பொரிந்தது. மீண்டும் தொடங்கினேன், மாசிக் கடைசியில் அடங்கியது. ஒரு பெண்ணின் ஒரு முறை சோதனை நிரூபணம் ஆகாது. என் உடம்புக்கு அது போதும்.

மங்கு? இரண்டரை ஆண்டில் மாத்திரையால் குறைந்ததாகச் சொல்ல முடியாது. குறைந்த அளவும் மங்குக்குப் போடும் களிம்பாலும் தொப்பியாலும்தான்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மே மாதம், சீசன் கூட்டம், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. விற்பனை அவசரத்தில், மாத்திரை போட்டிருக்கிறோமே என்று நான்கு நாள் சன்ஸ்கிரீனைத் தொடவில்லை. மூக்கும் கன்ன எலும்பும் கன்றிச் சிவந்து, பிறகு தோல் உரிந்தது. மங்கு ஒரே வாரத்தில் பழைய கறுப்புக்குத் திரும்பியது. 2018இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சன்ஸ்கிரீனுக்கு மாற்றாக எந்த மாத்திரையும் இல்லை என்று அறிவித்து, அப்படி விளம்பரம் செய்த சில நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதைத் தோல் உரிந்த பிறகுதான் படித்தேன்.

செலவும் உண்டு. ஒரு மாத மாத்திரை விலைக்கு நர்சரிக்குச் சில மூட்டை மண்புழு உரம் வாங்கிவிடலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை இணையத்தில் வாங்கினேன். டப்பாவில் "பெரணிச் சாறு" என்று மட்டும் இருந்தது. எந்தப் பெரணி, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு சொல் இல்லை. உடைத்துப் பார்த்தால் பச்சைத் தூள், காய்ந்த புல் வாசனை. தூக்கிப் போட்டேன். தாவரப் பெயரும் அளவும் அச்சிடாத டப்பாவைத் தொடாதீர்கள். கருவுற்றவர்கள், பால் கொடுப்பவர்கள், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

இப்போது மார்கழிக் கடைசியில் தொடங்கி மே முடியும்வரை மட்டும் எடுக்கிறேன். மூடுபனியும் மழையுமான மாதங்களில் நிறுத்திவிடுகிறேன். அதற்கும் மருத்துவர் சம்மதித்தார்.

சென்ற ஆண்டு அந்தப் பெரணி இனத்தில் ஒரு தொட்டிச் செடி அழகுச் செடியாக என் நர்சரிக்கே வந்து சேர்ந்தது. நிழல்வலைக்குக் கீழே, தேங்காய் நார்த் தொட்டியில், பொன்னிற ரோமக் காலைத் தொட்டி விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கிறது. அதன் இலையைக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். இந்தத் தொட்டிக்கு நான் உரமும் பூச்சிமருந்தும் போடுகிறேன். இலையில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. பார்க்க அழகான செடி, வரவேற்பறை ஜன்னலோரம் நன்றாக வளரும் என்று சொல்லி விற்கிறேன்.