மூன்று வருஷ ஓசிடி சிகிச்சை: ஒரு மருந்துக்கடைக்காரனின் அனுபவம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வீடு சேரன்மகாதேவியில். தினமும் பைக்கில்தான் போக்குவரத்து. ஓசிடி என்று சொல்கிற எண்ணச் சுழற்சி நோய்க்கு 2022 ஜூலையில் முறையான சிகிச்சை ஆரம்பித்தேன். மூன்று வருஷம் தாண்டிவிட்டது. மூன்றாவது மாதத்தில் எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். மூன்றாவது வாரத்தில் எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். இரண்டும் அடங்கிய பிறகு இப்போது எழுதுகிறேன்.

ஓசிடி என்றாலே கை கழுவிக்கொண்டே இருக்கிற ஆள்தான் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவார். எனக்குக் கை கழுவுகிற பிரச்சினை கிடையாது. என்னுடையது சந்தேகம்.

ராத்திரி கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவேன். சாயங்காலம் குறுக்குத்துறை ஆச்சிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தோமே, கிளிமிபிரைடு 1 மில்லிகிராம்தானே சீட்டில் இருந்தது, 2 கொடுத்துவிட்டோமோ? சர்க்கரை இறங்கி, தூக்கத்திலேயே போய்விட்டால்? கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்கும். போனை எடுப்பேன். "ஆச்சி, அந்த அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்." ஆச்சிக்கு எழுத்து தெரியாது. தூங்குகிற பேரனை எழுப்பி வாசிக்கச் சொல்வார். "ஒண்ணுன்னுதாம் போட்டிருக்கு மாமா" என்பான். பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் அடுத்த கேள்வி வரும்: பையன் தூக்கக் கலக்கத்தில் சரியாக வாசித்தானா?

ஒருநாள் பதினொன்றரை மணிக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு குறுக்குத்துறைக்கே போய் நின்றேன். அட்டையில் 1 என்றுதான் இருந்தது. திரும்பி வரும்போது பேட்டை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. பள்ளமா, ஆளா? பத்தமடை வரை வந்தவன் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பள்ளம்தான். மறுபடி பத்தமடை வந்து மறுபடியும் போனேன். வீடு சேர்ந்தபோது மணி இரண்டு. மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரே சொல்தான் உண்டு, கோட்டி. பைத்தியம் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே இரண்டு வருஷம் யாரிடமும் போகவில்லை. அம்மா கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கிக் கட்டினாள். கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் என் சோலிகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

2021 கடைசியில் ஓர் ஆலோசகரிடம் போனேன். யார், எந்த ஊர் என்பது வேண்டாம். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்பார். மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டச் சொன்னார். "உங்களை மாதிரி கவனமான ஆள் தப்பே பண்ணமாட்டீங்க" என்று ஒவ்வொரு தடவையும் தைரியம் சொல்லி அனுப்புவார். வெளியே வரும்போது காற்றில் நடப்பது போல இருக்கும். வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் இறங்கிவிடும். கடைசியில் நான் அவருக்கே ராத்திரி போன் செய்து "தப்பு பண்ணியிருக்க மாட்டேன்ல சார்?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஆச்சியின் பேரன் செய்த வேலையை அவர் காசு வாங்கிக்கொண்டு செய்தார், அவ்வளவுதான். ஆறு மாதம் போனது. மணிக்கட்டில் தழும்புதான் மிச்சம். ஓசிடிக்கு ஆறுதல் சொல்வது, சொறி பிடித்த இடத்தைச் சொறிந்துவிடுவது மாதிரி என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோலை வைத்து மார்க் போட்டார். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மார்க். இதில் மார்க் கூடக்கூட மோசம். எனக்கு 27. 24ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு.

ஃப்ளூவாக்ஸெடின் எழுதிக் கொடுத்தார். பத்து வருஷமாக நானே எண்ணிக் கொடுத்த மாத்திரை. அதை மனச்சோர்வுக்கு 20 மில்லிகிராம் எழுதுவார்கள், எனக்குப் படிப்படியாக 60 வரை ஏற்றினார். ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம் என்றார். இது தெரியாமல் மூன்றாவது வாரமே "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடுகிறவர்களை நான் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கும் முதல் இரண்டு வாரம் குமட்டல், தூக்கக் குறைவு, பதற்றம் ஒரு பிடி கூடுதல். பிறகு அடங்கியது. அடங்காத ஒன்றும் உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் யாரும் எழுதாததால்தான் பலர் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தாம்பத்தியத்தில் ஆசை குறைந்தது. மருத்துவரிடம் சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று எனக்கு. சொன்னதும் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. 2024இல் நோய் கட்டுக்குள் வந்ததும் 40ஆகக் குறைத்தார். ஓரளவு சரியானது. நாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. கடைக்காரனான நானே அவர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை எடுத்ததில்லை.

மாத்திரை மனசுக்குள் ஓடுகிற எண்ணங்களின் சத்தத்தைக் குறைத்தது. ஆனால் ராத்திரி போன் போடுகிற பழக்கம் மாத்திரையால் போகவில்லை. அதற்கு ஈஆர்பி என்ற பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். பயத்துக்கு எதிரே போய் நிற்பது, வழக்கமாகச் செய்கிற சடங்கைச் செய்யாமல் இருப்பது, இவ்வளவுதான் அது. நான் தேடிய நேரத்தில் அதில் பழகிய ஆள் பக்கத்தில் அமையவில்லை. வெளியூரில் இருக்கிற ஒரு மருத்துவ உளவியலாளரிடம் வீடியோவில் ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஏமாறவில்லை. முதல் போனிலேயே ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா, ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீர்களா, வீட்டுப்பாடம் உண்டா என்று மூன்றையும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வீட்டுப்பாடம்தான் சிகிச்சையே, நான் சும்மா வாத்தியார்" என்றார்.

முதல் அமர்வில் பழக்க தோஷத்தில் கேட்டேன். "நான் அந்த ஆச்சிக்குத் தப்பான மாத்திரை கொடுத்திருக்க மாட்டேன்ல மேடம்?"

"கொடுத்திருக்கலாம்."

எனக்கு வேர்த்துவிட்டது.

"கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? சரி, அடுத்து என்ன செய்யப்போறீங்க?"

அன்றைக்கு மனசுக்குள் வைதுகொண்டேதான் லேப்டாப்பை மூடினேன். 1200 ரூபாய் வாங்கிக்கொண்டு இதையா சொல்வது? இப்போது யோசித்தால், நான் கொடுத்த காசெல்லாம் அந்தப் பதில் சொல்லாமைக்குத்தான்.

இருவரும் சேர்ந்து ஓர் ஏணி தயாரித்தோம். ஒவ்வொரு படிக்கும் நூற்றுக்கு இத்தனை பதற்றம் என்று மதிப்பெண். ஷட்டரைப் பூட்டி, இழுத்துப் பார்க்காமல் கிளம்புவது 35. பள்ளத்தில் குதித்தாலும் வண்டியைத் திருப்பாமல் வீடு போவது 60. மனைவியிடம் எதையும் கேட்காமல் இருப்பது 70. மருந்தை ஒரே தடவை சரிபார்த்துக் கொடுப்பது 85. இந்தக் கடைசிப் படியில் நான் சண்டையே போட்டேன். "மேடம், இது ஆள் உயிர் சமாச்சாரம்." அவர் என் தொழிலைக் குறை சொல்லவில்லை. சீட்டைப் பார், பெயரைப் பார், அளவைப் பார், காலாவதித் தேதியைப் பார், கொடு. ஒரு நல்ல மருந்தாளுநர் செய்வது அதுதானே, அதற்கு மேல் ஏழாவது தடவை யாருக்காகப் பார்க்கிறீர்கள் என்றார். கடைப் பையன் எப்படிச் செய்கிறான் என்று ஒரு வாரம் கவனிக்கச் சொன்னார். ஒரு தடவை பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். அவன் கையால் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

செய்து பார்த்தபோது பைக் படிதான் எனக்குக் கஷ்டமானது. சுத்தமல்லி விலக்கில் இருந்து சேரன்மகாதேவி வரை கழுத்து திரும்பத் துடிக்கும். திரும்பாமல் ஓட்டினால் பதற்றம் ஏறிக்கொண்டே போகும், உச்சிக்குப் போகும், அங்கேயே நிற்காமல் தானாக இறங்கும். முதல் நாள் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பத்தாவது நாள் இருபது நிமிஷம். எல்லா நாளும் இப்படி வரிசையாகக் குறையவில்லை, நடுவில் இரண்டு நாள் தோற்றுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

இன்னொரு வீட்டுப்பாடம்: "நான் தப்பான மாத்திரை கொடுத்திருக்கலாம், ஆச்சி செத்துப்போகலாம், எனக்கு அது கடைசிவரை தெரியாமலே போகலாம்" என்று என் குரலிலேயே போனில் பதிவு செய்து தினமும் இருபது நிமிஷம் கேட்பது. முதல் வாரம் அழுதேன். மூன்றாவது வாரம் கேட்கும்போதே கொட்டாவி வந்தது. கொட்டாவியைச் சொன்னதும் மேடம் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலாவது அமர்வில் மனைவியையும் உட்கார வைத்தார். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இந்த முறையை முதலில் முயன்றபோது, நோயாளி கழுவிக்கொண்டே இருக்காதபடி செவிலியர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்களாம். "உங்க வீட்டில் அந்தச் செவிலியர் நீங்கதான்" என்றார் அவளிடம். அன்றிலிருந்து நான் "சரியாத்தானே கொடுத்திருப்பேன்?" என்று கேட்டால், "அது உங்க நோய் கேக்குது, நான் பதில் சொல்ல மாட்டேன்" என்பாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அவன் கேக்கான்லா, ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?" மனைவி உள்ளே போய் அழுவாள், நான் வெளியே நின்று கோபப்படுவேன். இரண்டு வாரம் வீடு வீடாகவே இல்லை. அம்மாவும் ஒரு அமர்வில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சரியானது. அம்மாவுக்கு மேடம் சொன்னது எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை, "அந்தப் பொண்ணு நல்லா தெளிவாப் பேசுதா" என்று மட்டும் சொன்னாள். அது போதுமாக இருந்தது.

மொத்தம் 22 அமர்வுகள், 26,400 ரூபாய். முதலில் வாரம் ஒன்று, பிறகு இடைவெளி விட்டு. 2023 பிப்ரவரியில் என் மார்க் 12. மாத்திரைச் செலவு மாதம் நானூறுக்குள். காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை. மனநோயையும் உடல் நோயைப் போலவே காப்பீடு செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் என் பாலிசி படுக்கையில் சேர்ந்தால்தான் கொடுக்கும். இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம், அங்கே மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. யாரிடம் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

முழுசாகச் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷனுக்குள் வந்தபோது கடையில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த் தட்டில் இருந்த சரக்கெல்லாம் போனது. நனைந்ததை அழிப்பது நியாயம். நான் தண்ணீரே தொடாத மேல் தட்டு மருந்தையும் ஒவ்வோர் அட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ராத்திரி ஒரு மணி வரை. கடைப் பையன்தான் மனைவிக்குப் போன் போட்டிருக்கிறான். மார்க் மறுபடி 19. திரும்பவும் மூன்று அமர்வு, பழைய நோட்டு, பழைய ஏணி. இந்தத் தடவை ஐந்து வாரத்தில் இறங்கியது. செய்ய வேண்டியது என்ன என்று எனக்கே தெரிந்திருந்ததுதான் வித்தியாசம்.

போன வாரம் குறுக்குத்துறை ஆச்சி கடைக்கு வந்திருந்தார். சீட்டைப் பார்த்தேன், பெயர், அளவு, தேதி, கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டே, "இப்பல்லாம் ராத்திரி போனே போட மாட்டேங்கீகளே, வேற யாரும் புதுசா ஆச்சி கெடச்சிட்டாளோ?" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேட்டை தாண்டியதும் வந்துவிட்டது. ஒன்றா, இரண்டா? சேரன்மகாதேவி வரை கேட்டுக்கொண்டேதான் வந்தது. வீட்டில் அன்றைக்குச் சொதி வைத்திருந்தார்கள்.